அடையாளச் சங்கு

சங்கு எண்ணுகிறவர்கள் ஒன்று என்று தொடங்குவதில்லை. 'லாபம்' என்று தொடங்குவார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். கைக்கு ஒரு சங்காக இரண்டு கையாலும் எடுத்து வீசினால் ஒரு வீச்சு. ஐம்பது வீச்சு முடிந்தால் நூறு சங்கு. நூறு முடிந்ததும் எண்ணுகிறவர் ஒரு சங்கை எடுத்துத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் வைப்பார். அதற்கு அடையாளம் என்று பெயர். குவியல் தீர்ந்த பிறகு அடையாளங்களை மட்டும் எண்ணினால் போதும். நாற்பது அடையாளம் என்றால் நாலாயிரம் சங்கு.

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் தூத்துக்குடியில் ஒரு சங்கு வியாபாரியின் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது இதைப் பார்த்துச் சிரித்தவன் நான். குலசேகரன்பட்டினத்துப் பக்கம் பனங்காட்டில் பிறந்து, பாளையங்கோட்டையில் இன்டர் வரை படித்து, கொழும்பில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் மூன்று மாதம் பதிலி குமாஸ்தாவாக இருந்துவிட்டு வந்திருந்தேன். அந்த ஆபீஸில் கண்ணாடி போட்ட ஓர் அறை இருந்தது. உள்ளே ஒரு யந்திரம். ஓட்டை போட்ட அட்டைகளை ஒரு பக்கம் கொடுத்தால், எந்தச் சரக்கு எந்தக் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அது பிரித்து அடுக்கிவிடும். நான் அந்தக் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்ற நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்திருக்கலாம்.

தூத்துக்குடிக்கு வந்தால் இங்கே முழங்கால் பக்கத்தில் சங்கை வைத்து எண்ணுகிறார்கள். சிரிக்காமல் என்ன செய்வேன்?

எண்ணுகிறவர் கடற்கரைக் கத்தோலிக்கர். ஐம்பது வயது இருக்கும். முன்பு முங்கிச் சங்கெடுத்தவர். ஆழத்தில் காதுச் சவ்வு கிழிந்து வலது காது போனபின் கரையேறி, எங்கள் முதலாளியிடம் சாவியும் எண்ணிக்கையுமாகப் பல வருஷம் இருந்தார். காது கேளாததால் எதையும் உரக்கத்தான் சொல்லுவார். "தம்பி, காப்பி குடிச்சியா?" என்று அவர் கேட்டால் துறைமுகத்துக்கே கேட்கும்.

முதலாளி பருத்தியில் சம்பாதித்துச் சங்குக்கு வந்தவர். சங்கு கரைக்கு வந்ததும் உள்ளே இருக்கும் சதை அழுகி விழும்வரை மணலில் குவித்துப் போடுவார்கள். அந்த நாற்றத்துக்குப் பயந்து அவர் எண்ணுகிற இடத்துக்கு வருவதே கிடையாது. வந்தாலும் மூக்கில் துண்டோடு வாசலில் நின்று "எத்தனை?" என்பார். பதில் வந்ததும் போய்விடுவார்.

நான் சேர்ந்த இரண்டாம் மாதம் என் யந்திரத்தைச் செய்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதற்கு ஆன சாமான் அட்டையும் கோணி ஊசியும்தான். அச்சாபீஸில் கழித்துப்போட்ட கனத்த அட்டைகளை ஒரே அளவாக வெட்டினேன். செருப்பு தைப்பவரிடம் தோலில் ஓட்டை போடும் உளியை வாங்கிவந்து, ஒவ்வோர் அட்டையின் ஓரத்திலும் வரிசையாக ஓட்டைகள் போட்டேன். ஓர் அட்டை, நூறு சங்கு. ஒவ்வோர் ஓட்டையும் ஒரு கேள்வி; அதை ஓட்டைக்குப் பக்கத்தில் என் கையால் எழுதினேன். முதல் தரமா? பூச்சி அரித்ததா? கப்பலேறிவிட்டதா? ஆமாம் என்றால் அந்த ஓட்டையிலிருந்து அட்டையின் விளிம்புவரை கத்தரித்துத் திறந்துவிடுவேன். இல்லை என்றால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்.

முதலாளி முன்னால் முந்நூறு அட்டைகளையும் சேர்த்துப் பிடித்து, 'கப்பலேறிவிட்டதா' ஓட்டையில் கோணி ஊசியைச் செருகித் தூக்கி ஆட்டினேன். கப்பலேறிய சங்குகளின் அட்டைகள் பொலபொலவென்று மேசையில் விழுந்தன. ஏறாதவை ஊசியில் தொங்கின.

"தொங்குதது எல்லாம் நம்ம கிட்டங்கில கெடக்கு, முதலாளி. அட்டைய எண்ணினா போதும். உள்ள போவ வேண்டாம்."

"நாத்தத்துக்குள்ள போவ வேண்டாமா?"

"வேண்டாம்."

"ஏலே, இன்னொரு தடவ ஆட்டு."

அன்று ஏழெட்டுத் தடவை ஆட்டினேன். மறுநாள் உப்பு வியாபாரி ஒருவரைக் கூட்டிவந்து ஆட்டச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எண்ணுகிறவர் வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சேசுவே! ஊசிய வச்சிச் சங்கத் தச்சிப்புட்டானே இந்தப் பய!" என்று உரக்கச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பொறாமை இருந்ததாக எனக்கு அப்போது பட்டது. இல்லை என்று இப்போது தெரியும்.

அட்டை வந்தபின் நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கப்பலுக்குச் சங்கு கொடுக்கும்போதும், அதை வாங்குகிற கல்கத்தா ஏஜெண்டின் ஆள் முன்னால் இதே லாபம், ரெண்டு, மூணுதான் நடக்கும். ஒரு நாள் முழுக்கப் போகும். நான் தச்சரிடம் சொல்லி மரத்தட்டுகள் செய்தேன். ஒரு தட்டில் ஐந்துக்கு ஐந்து குழி, இருபத்தைந்து சங்கு. நாலு தட்டு நிறைந்தால் நூறு. தட்டைக் கவிழ்த்து மூட்டையில் கொட்டிவிட்டு அட்டையைக் கத்தரித்துவிடலாம். கடற்கரையில் முங்குகிறவர்களிடம் வாங்குவதை மட்டும் மாற்றவில்லை. அங்கே ஒரே நேரத்தில் பத்துத் தோணிக்காரர்கள் கத்துவார்கள், தட்டெல்லாம் எடுபடாது. அது அவர் பாடு. கிட்டங்கிக்குள் என் பாடு.

முதல் நாள் தட்டுப் போட்டபோது அவர் கேட்டார்.

"அடையாளம் எங்கலே?"

"அடையாளத்துக்குச் சங்கு எதுக்கு, அண்ணாச்சி? நூறுக்கு ஒரு அட்டை வெட்டிட்டேன். அதுதான் அடையாளம்."

"காயிதமா?"

"காயிதம்தான்."

"அடையாளம் வைக்காம நூறு எப்படிலே நூறு ஆவும்?"

ஏஜெண்டின் ஆள், நான், சுமைகாரர்கள் எல்லோரும் சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார். அதற்குமேல் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தச் சமயம் அவர் வீட்டில் கல்யாணப் பேச்சு. மூத்த மகளுக்குப் பெரியதாழையில் மாப்பிள்ளை. கல்யாணம் கூடாத தவக்காலம் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தார். அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் என்று அறிவித்து, தடை சொல்லுகிறவர்கள் சொல்லலாம் என்பார்கள். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பெயர். மூன்று ஓலையும் தடையில்லாமல் போனால்தான் கல்யாணம். இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் அவர் கிட்டங்கிக்கு வந்து, "ரெண்டு தாண்டியாச்சு தம்பி, இன்னும் ஒண்ணுதான்" என்று கத்தினார். சுமைகாரர்களுக்கெல்லாம் சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

அதற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை, அதுவரை கிட்டங்கியில் சேர்ந்திருந்த சரக்கு முழுவதும் கப்பலேறியது. கடைசி அட்டையையும் கத்தரித்துவிட்டு, ஊசியில் கோத்து ஆட்டினேன். எல்லாம் விழுந்தன. ஊசி வெறும் ஊசியாக என் கையில் இருந்தது. அதாவது கிட்டங்கியில் ஒரு சங்கும் இல்லை.

முதலாளிக்கு அதைக் கண்ணால் பார்க்க ஆசை. மூக்கில் துண்டோடு உள்ளே வந்தார். நானே கதவைத் திறந்தேன். மூலையில் சங்குக் குவியல் ஒன்று கிடந்தது. எண்ணிப் பார்த்தோம். அறுநூற்றுக்குக் கொஞ்சம் குறைவு.

குறைந்திருந்தால் என் தவறு என்று நான் பயந்திருப்பேன். கூடுதல் என்றதும் எனக்கு ஒரு குதூகலம்தான் வந்தது. என் அட்டை எதையோ பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

முதலாளி துண்டை மூக்கிலிருந்து எடுத்தார். எண்ணுகிறவரைக் கூப்பிட்டார்.

"என்னவே இது?"

"சங்கு, முதலாளி."

"அது எனக்கும் தெரியுதுவே. அட்டையில இல்லாத சங்கு இங்கன எப்படி வந்துச்சு?"

அவர் குவியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அடையாளம் அடையாளத்தோட போவும் முதலாளி. இப்ப போவல. அதான் கெடக்கு."

"என்ன ஒளறுதீரு?"

"ஒளறல. நூறுன்னா அடையாளத்தோட நூறு."

எனக்கு அது பதிலாகவே படவில்லை. நானும் அவரும் ஒரே கிட்டங்கியில் நின்றோம், ஒரே தமிழில் பேசினோம். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் எனக்கு ஏறவில்லை. முதலாளி வேறு கணக்கில் போய்விட்டார்.

"இந்தப் பய அட்டை போட்டதால இந்த வருசம் மாட்டிக்கிட்டு. அட்டை இல்லாத வருசமெல்லாம் இது எங்கவே போச்சு? வருசா வருசம் இத்தனை நூறு. எவன்ட்ட வித்தீரு?"

அவர் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். காது கேட்கவில்லையோ என்று முதலாளி அதையே திரும்ப உரக்கச் சொன்னார். அப்போதுதான் சங்கு கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்த தோணிக்காரர்கள் பத்துப் பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

"நான் எடுக்கல, முதலாளி."

"சாவிய வச்சிட்டுப் போரும். போலீசுக்குப் போவாம இருக்கேன்லா, அதுக்குக் கோயில்ல மெழுகுதிரி ஏத்தும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ படிச்சவம்லா. சொல்லு."

நான் கையில் ஊசியை வைத்துக்கொண்டு, "அட்டைப்படி பூஜ்யம்தான், அண்ணாச்சி" என்றேன்.

சாவியை வைத்துவிட்டுப் போனார். தோணிக்காரர்கள் வாய்வழியாக அது மறுநாளே பெரியதாழைக்கு எட்டி, மாப்பிள்ளை வீட்டார் மூன்றாம் ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை கடற்கரையில் சங்கு வாங்க ஆள் இல்லாமல் நானே உட்கார்ந்தேன். எண்ணிக்கை எனக்கு மனப்பாடம். லாபம் என்று தொடங்கி ஐம்பது வீச்சு வீசி, "நூறு" என்று சொல்லி அட்டையை எடுத்தேன். எதிரில் இருந்த தோணிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, அடையாளம் எடுக்கலியா?"

"அட்டை இருக்கே."

"நல்ல ஆளுதான்! பழக்கத்த மாத்தாதீரும். இந்தாரும் உம்ம அடையாளம்." தன் பக்கத்தில் எண்ணாமல் கிடந்த குவியலிலிருந்து ஒரு சங்கை எடுத்து என் முழங்காலடியில் போட்டார்.

எண்ணாமல் கிடந்த குவியலிலிருந்து.

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. அடையாளம் எண்ணிய நூற்றிலிருந்து எடுக்கப்படுவதில்லை. அது நூற்றியொன்றாவது சங்கு. வாங்கும்போது நூற்றுக்கு ஒன்று கூடுதலாக வருகிறது. முன்பெல்லாம் கப்பலுக்குக் கொடுக்கும்போதும் அப்படியே ஒன்று கூடுதலாகப் போனது. வந்தது போனது, கிட்டங்கியில் ஒன்றும் தங்கவில்லை. இவர்களுக்கு அது கூடுதல் என்றே தோன்றியதில்லை. நூறு என்றால் அதுதான். தலைமுறை தலைமுறையாக அப்படி எண்ணியவர்களிடம் போய் நூற்றியொன்று என்று ஒருவனும் சொன்னதில்லை. நான் தட்டைக் கொண்டுவந்து, போகிற வழியை மட்டும் அடைத்துவிட்டேன். தட்டு வந்தபின் கப்பலேறியது அறுபதினாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. நூற்றுக்கு ஒன்று வீதம் போட்டுப் பார்த்தேன். குவியலில் கிடந்த எண்ணிக்கையோடு சரியாக வந்தது.

எண்ணிக்கையைப் பாதியில் விட்டுவிட்டு முதலாளி வீட்டுக்கு ஓடினேன். மூச்சிரைக்கச் சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை அவரே சொன்னார்.

"அப்போ வாங்குதது நூத்தியொண்ணு. குடுக்கது நூறு."

"ஆமா, முதலாளி. தட்டு போட்டதால."

"கல்கத்தாக்காரன் ஒண்ணும் கேக்கலியா?"

"அவங்களுக்குத் தட்டு பிடிச்சிருக்கு. சீக்கிரம் முடியுதுன்னு."

அவர் வெற்றிலையை எடுத்து நிதானமாகத் துடைத்தார். "நல்லதாப் போச்சு. தட்டு அப்படியே இருக்கட்டும்."

"அவரு எடுக்கல, முதலாளி. எந்த வருசமும் எடுக்கல."

"சரி, எடுக்கல."

"அவரத் திரும்பக் கூப்பிடணும். ஞாயித்துக்கிழமை மூணாம் ஓலை. அதுக்குள்ள மாப்பிள்ளை ஊர்ல சொல்லணும்."

"என்னன்னு சொல்லணும்? நூத்தியொண்ணு வாங்கி நூறு குடுக்கேன், மிச்சம் என் கிட்டங்கில கெடந்துச்சு, அவரு மேல தப்பில்லைன்னா? ஏலே, படிச்சிருக்கியே, யோசிக்க மாட்டியா? அது தெரிஞ்சா நாளைக்கு எந்தத் தோணிக்காரன் அடையாளம் போடுவான்?"

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டார்.

"உன் அட்டையில எடம் இருக்கா? இன்னொரு ஓட்டை போட்டுக்க. கூடுதல்னு. அதுக்கும் கணக்கு வேணும்லா" என்றார்.

போட்டேன். அன்று மாலையே உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையிலும் போட்டேன். அளவு பிசகாமல் ஒரே வரிசையில் வர வேண்டும் என்று நூல் பிடித்துப் போட்டேன். இதை எழுதும்போதுதான் கை கூசுகிறது. அப்போது கூசவில்லை. வேலை சுத்தமாக வந்ததில் எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. கல்யாணத்துக்கு வாங்கியிருந்த பலசரக்கைக் கடைக்காரரிடம் திருப்பி எடுத்துக்கொள்ளக் கேட்கப் போயிருந்தார். அவர் மனைவி வாசலில் நின்று நான் சொன்னதைக் கேட்டார்.

"எம் புருசன் எடுக்கலன்னு எனக்கு வந்து சொல்லுதியா? அது எனக்குத் தெரியாதா? பெரியதாழையில போய்ச் சொல்லு. அங்கனதான் தெரியாது."

போனேன். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடுகிற பஸ் மேட்டில் ஏறாமல் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். உடன்குடிக்கு அப்பால் மணலில் நடந்தேன். மாப்பிள்ளையின் தகப்பனார் வலை காயப்போட்டிருந்த இடத்திலேயே என்னை நிறுத்திக் கேட்டார். நூற்றியொன்று என்றதும் அவர் கண் சுருங்கியது.

"இது உங்க முதலாளி சொல்லி விட்டதா, நீரு சொல்லுததா?"

"நான் சொல்லுதது. முதலாளிக்கும் தெரியும்."

"வாய்ப்பேச்ச வச்சு நான் கோயில் சாமியாருட்ட என்ன சொல்ல? எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரும். அடுத்த ஓலை வாசிக்கட்டும்."

நியாயமான பேச்சு. அவர் காகிதம்தான் கேட்டார். நான் காகிதத்துக்குப் பிறந்தவன். ஆனாலும், "நாளைக்கு எழுதி அனுப்புதேன்" என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

அறைக்கு வந்து எழுதினேன். தெளிவாக, நம்பர் போட்டு, வாங்கும் முறை கொடுக்கும் முறை எல்லாம் விளக்கி இரண்டு பக்கம் எழுதினேன். அவர் ஒரு சங்கும் எடுக்கவில்லை என்று அடிக்கோடிட்டேன். கையெழுத்துப் போடப் பேனாவைக் கொண்டுபோனபோது, இந்தக் கடிதம் கடற்கரையில் கைமாறும் என்பது ஞாபகம் வந்தது. தோணிக்காரர்கள் படிப்பார்கள், இல்லாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். முதலாளிக்கு யார் எழுதியது என்று தெரிய ஒரு மணி நேரம் ஆகாது. விஷயம்தானே முக்கியம், பெயர் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையெழுத்தில்லாமல் உறையில் போட்டுச் சனிக்கிழமை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.

திங்கட்கிழமை கிட்டங்கி வாசலில் அவர் குரல் கேட்டது. வெளியே வந்தேன். கையில் என் கடிதம்.

"பெரியதாழையில இத எம் மூஞ்சில எறிஞ்சாங்க. நேர்ல ஒரு ஆள அனுப்புனது பத்தாம மொட்டைக் கடுதாசியும் எழுத வச்சியான்னு கேட்டாங்க. திருடனத் திருடன் இல்லன்னு எழுத அந்தத் திருடனத் தவிர எவன் இருக்கான்னு கேட்டாங்க." அவர் குரலைத் தாழ்த்திப் பேச முயன்றார். அவருக்கு அது வராது. "ஏலே, தெனம் அட்டையில பாக்குத எழுத்து இது. நீதான எழுதுன?"

"ஆமா, அண்ணாச்சி."

"பேரு எங்க?"

கடிதத்தை விரித்து என் முன்னால் நீட்டினார்.

"எல்லாம் சரியா எழுதியிருக்கியாம். வாசிச்சவன் சொன்னான். அடையாளத்தப் பத்தி நான் சொல்லத் தெரியாம முழிச்சத நீ எவ்வளவு அழகா எழுதியிருக்க! இப்பப் போடு. நான் இன்னைக்கே கொண்டு போறேன். அவங்க இன்னும் வேற எடம் பாக்கல."

சட்டைப் பையில் பேனா இருந்தது. உள்ளே முதலாளி அன்று வந்திருந்தார். உப்பு வியாபாரிக்கு அட்டையில் புதிதாகப் போட்ட ஓட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார். "ஏலே, எங்க போன? வந்து ஆட்டிக் காட்டு" என்றார்.

"நாளைக்கு வாங்க, அண்ணாச்சி" என்றேன்.

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கடிதத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "வேல இருக்குன்னா போ" என்று உரக்கச் சொன்னார். சுமைகாரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளே போய் ஆட்டிக் காட்டினேன்.

அந்தப் பெரியதாழைப் பையனுக்கு உயிர்ப்புத் திருநாள் கழிந்ததும் வேறு இடத்தில் கல்யாணமானது. எண்ணுகிறவர் உப்பளத்தில் பெட்டி சுமக்கப் போனார். மறு பருவத்துக்குள் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார். எங்கே என்று சிலரைக் கேட்டேன். தெரிந்தவர்களும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது முதலாளிக்கு இரண்டு கிட்டங்கி. இரண்டிலும் என் அட்டைதான் ஓடுகிறது. சரக்கு ஒன்றுகூடப் பிசகுவதில்லை என்று கல்கத்தாவிலிருந்து பாராட்டி எழுதுகிறார்கள்.